கையில் ஊசி குத்திவிட்டால்: மருத்துவமனை ஊழியர் எல்லோருக்கும் உள்ள உரிமை

வார்டைக் கூட்டும் அக்கா குப்பைப் பையை முடிச்சுப் போடும்போது, உள்ளே கிடந்த ஊசி விரலில் ஏறிவிடுகிறது. அவர் தண்ணீரில் கையை அலசிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். ஒப்பந்த ஆளுக்கு யார் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தரப்போகிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம்.

தந்தாக வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோருக்கும் கையுறை முதலான பாதுகாப்பு, அதற்கான பயிற்சி, தொற்று அபாயம் நேர்ந்தால் தடுப்பு மருந்து ஆகியவற்றை மருத்துவமனையே தர வேண்டும் என்கிறது. டாக்டர், நர்ஸ் என்று அது பிரிக்கவில்லை. தனியார் மருத்துவமனையும் இதில் அடக்கம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடம் போங்கள். தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து, நடந்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தொற்று முன்பே இருந்ததா என்ற கேள்வி பிறகு வந்தால் அந்தப் பதிவுதான் துணை.

ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று தெரிந்தாலும், சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய முடியாது. அவருடைய பரிசோதனை முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடவும் கூடாது.

சரி, எந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே என்று ஊழியர்கள் கேட்பதுண்டு. தெரிந்தவரிடம் மட்டும் கவனமாக இருந்தால், தனக்கே தெரியாமல் தொற்றோடு வருபவரிடம் கவனம் தளர்ந்துவிடும். அதனால்தான் எல்லா ரத்தத்தையும் ஒரேபோல் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் நேராகப் போட்டாலே குப்பைப் பைக்குள் ஊசி போகாது. எச்.ஐ.வி. உள்ளவர் என்று கட்டிலில் அடையாளம் ஒட்டுவதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த நோயாளியின் ரகசியம்தான் ஊருக்குத் தெரிகிறது. எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடமும் புகார் தரலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அவசர சிகிச்சை என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பாளர் உத்தரவிட வேண்டும். சந்தேகம் கேட்க 1097, கட்டணம் கிடையாது.