புள்ளியியல் இயற்பியலில் இளம் ஆய்வாளர் பரிசு: 8 ஆண்டுக் கணக்கு எப்படி?

காந்தம் சூடானால் ஏன் காந்தத்தன்மையை இழக்கிறது, மணற்குவியல் எப்போது சரியும் என்பது போன்ற கேள்விகளில் மூழ்கியிருப்பவர்கள் புள்ளியியல் இயற்பியலாளர்கள். இவர்களில் பிஎச்.டி. முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கென்று உலக அளவில் ஒரு பரிசு உண்டு. தருவது ஐயூபாப் எனப்படும் சர்வதேச இயற்பியல் ஒன்றியம். தேர்வு செய்வது, புள்ளியியல் இயற்பியலைக் கவனிக்கும் அதன் சி3 ஆணையம். பதக்கம், சான்றிதழ், 1,000 யூரோ. தொகை பெரிதில்லைதான்; மேடை பெரிது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஸ்டாட்ஃபிஸ் மாநாட்டில் வழங்குகிறார்கள். 2022-ல் நடந்திருக்க வேண்டிய மாநாடு பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2023-ல் டோக்கியோவில் நடந்தது. அதற்கடுத்தது 2025-ல் ஃபுளோரன்ஸில் நடந்தது.

பலரும் குழம்புவது தகுதியில். பிறந்த தேதிக்கு இங்கே வேலையே இல்லை. பிஎச்.டி.க்குப் பிறகான ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். இடையில் ஆய்வை நிறுத்த நேர்ந்திருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துவிடுவார்கள். ஒருவர் பிஎச்.டி. முடித்து 10 ஆண்டு ஆகிறது, நடுவில் குழந்தைப்பேறுக்காக 2 ஆண்டு ஆய்வில் இல்லை என்றால், அவருடைய கணக்கு 8. எந்தத் தேதிவரை எண்ணுவது என்பதை மட்டும் அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் வயதைத்தான் பார்க்கின்றன. மத்திய அரசின் விக்ஞான் யுவா விருதுக்கு 45 வயது வரம்பு. மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் பிரதமர் இளம் ஆய்வாளர் நிதிக்குப் பொதுவாக 42. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 3 ஆண்டு தளர்வு. (இது விருது அல்ல, ஆய்வு நடத்தத் தரும் பணம்.) கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு முப்பது வயதுக்கு மேல் பிஎச்.டி.யில் சேரும் ஆசிரியர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுக்கு ஐயூபாப் கணக்குதான் நியாயமானது என்பது என் கருத்து.

இதே ஆணையம்தான் 1975 முதல் போல்ட்ஸ்மன் பதக்கத்தையும் வழங்குகிறது. அது இத்துறையின் தலைசிறந்த சாதனைகளுக்கு. நோபல் வாங்கியவருக்கு அதைத் தருவதில்லை. 2022-ல் அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் இந்தியாவின் தீபக் தர், அமெரிக்காவின் ஜான் ஹாப்ஃபீல்டு ஆகிய இருவர். இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. ஹாப்ஃபீல்டுக்கு 2024-ல் நோபல் வந்தது. நல்லவேளை, வரிசை மாறவில்லை!

சரி, இளம் ஆய்வாளர் பரிசுக்கு எப்படிப் போவது? உங்கள் ஆய்வை நன்றாக அறிந்த மூத்தவர் ஒருவர் பரிந்துரைப்பதே வழக்கம். பரிந்துரைக் கடிதம், தற்குறிப்பு, முக்கியமான கட்டுரைகளின் பட்டியல் வேண்டும். ஆய்வில் இடைவெளி இருந்தால் தேதியோடு கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.