காத்திருக்கும் கரு: கிரிஸ்லி கரடியின் இலையுதிர்காலக் கணக்கு

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கிரிஸ்லி கரடிகள் மே, ஜூனில் இணை சேருமாம். குட்டி பிறப்பது ஜனவரி கடைசியில். அப்படியானால் கர்ப்பம் ஏழெட்டு மாதம். இன்னோர் இடத்தில் இரண்டு மாதம் என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?" 399 என்ற கரடி தன் நான்கு குட்டிகளோடு நடக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து இந்தச் சந்தேகம் என்று எழுதியிருந்தார்.

இரண்டுமே சரி. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் இருக்கும் ஐந்து மாதத்தில்தான் கரடியின் எதிர்காலமே தீர்மானமாகிறது.

முதலில் 399 பற்றி. கிரிஸ்லி என்பது வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி. 399 அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த பெண் கரடி. ஆய்வாளர்கள் வைத்த எண்ணே அதற்குப் பெயராகிப்போனது. 2020 வசந்தத்தில், 24 வயதில், 4 குட்டிகளோடு வளையிலிருந்து வெளியே வந்தது. அந்த வயதில் அத்தனை குட்டிகள் மிக அபூர்வம். 2024 அக்டோபரில் ஜாக்சன் நகருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தபோது அதற்கு வயது 28.

குளிர்கால உறக்கம் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஐந்து மாதம் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர்கூட இல்லை. இதயம் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து முறை துடிக்கும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். சரி, இதை இத்தோடு விட்டுவிடலாம். எனக்குச் சொல்ல ஆசை கருவின் கதையை.

இணை சேர்ந்ததும் முட்டை கருவுறுகிறது. ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, உள்ளே நீர் கோத்த ஒரு நுண்ணிய பந்தாகிறது. பாடநூலில் கருக்கோளம் என்று வருமே, அதுதான். மனிதரில் அது பத்து நாளுக்குள் கருப்பைச் சுவரில் பதிந்து வேர் பிடித்துவிடும். கரடியில் அது பதிவதில்லை. வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு கருப்பைக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. தாய் ஜூலையில் மலையேறுகிறது, செப்டம்பரில் பைன் விதை தின்கிறது, அக்டோபரில் வளை தோண்டுகிறது. அத்தனை நாளும் அந்தப் பந்து வயிற்றுக்குள் காத்திருக்கிறது. நவம்பர் கடைசி வாக்கில் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது, கரு பதிகிறது. உண்மையான கர்ப்பம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, இருட்டு வளைக்குள் பிரசவம்.

பிறக்கும் குட்டி அரைக் கிலோதான் இருக்கும். கண் திறந்திருக்காது. மனிதக் குழந்தை தாயின் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இருக்கும்; கரடிக் குட்டி இருநூறில் ஒரு பங்குகூட இருப்பது அபூர்வம். இவ்வளவு பெரிய விலங்கு ஏன் இவ்வளவு சின்னதாக, அரைகுறையாகக் குட்டி போடுகிறது?

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கத்தை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கருவின் முதன்மை உணவு குளுக்கோஸ். கொழுப்பு அமிலங்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டி அதற்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. தாயிடமோ கொழுப்பு மட்டும்தான் மலைபோல் இருக்கிறது. கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் கொஞ்சம்தான் செய்ய முடியும்; மீதிக்குத் தன் தசையைக் கரைக்க வேண்டும். பட்டினி கிடக்கும் தாய் குழந்தையை வயிற்றிலேயே வைத்து வளர்த்தால், வசந்தத்தில் எழுந்து நடக்கத் தசை மிஞ்சாது. ஆகவே குட்டியைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிடுகிறது. பிறந்துவிட்டால் நஞ்சுக்கொடி என்ற தடை இல்லை. தாயின் கொழுப்பு பாலாக மாறி நேராகக் குட்டியின் வாய்க்குப் போகிறது. பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பான பால் அது. ஜங்ஷனில் ரயிலை நிறுத்தி டீசல் என்ஜினைக் கழற்றி மின்சார என்ஜினை மாட்டுவார்களே, பிரசவம் இங்கே அப்படி ஒரு ஜங்ஷன். அதற்கு முன்னால் ஓட்டம் குளுக்கோஸில். அதற்குப் பின்னால் கொழுப்பில்.

இப்போது வாசகியின் ஐந்து மாதத்துக்கு வருவோம். கரு ஏன் காத்திருக்கிறது? இணை சேரும்போது தாய்க்குத் தன் வருமானம் தெரியாது. அந்த ஆண்டு எவ்வளவு கொழுப்பு சேரும் என்பது இலையுதிர்காலம் முடிந்தால்தான் தெரியும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்படும் கிரிஸ்லிகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். உடலில் கொழுப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்த பெண் கரடிகள், இணை சேர்ந்திருந்தும் குட்டி போடவில்லை. அதற்கு மேல் கொழுத்திருந்தவை முன்னதாகவே ஈன்றன. குட்டிகளும் நன்றாக வளர்ந்தன. வயிற்றுக்குள் இருக்கும் அந்தச் சிறு பந்து, மலையின் விளைச்சலுக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

ஆகவே கிரிஸ்லியைக் காப்பது என்றால் அதன் ஆகஸ்டையும் செப்டம்பரையும் அக்டோபரையும் காப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்த மூன்று மாதத்தில் அது என்ன தின்கிறது?

கிராண்ட் டீட்டனுக்கு வடக்கே இருக்கும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் பகுதியில் இரண்டு உணவுகள் என்னை வியக்கவைக்கின்றன. ஒன்று, அந்துப்பூச்சி. சமவெளி வயல்களில் வெட்டுப்புழுவாகப் பயிரைத் தின்று வளர்ந்த பூச்சிகள், கோடையில் ராக்கி மலைத்தொடரின் உச்சிக்குப் பறந்துபோகின்றன. இரவெல்லாம் மலைப்பூக்களில் தேன் குடித்துவிட்டு, பகலில் கற்குவியல்களின் இடுக்கில் கூட்டம் கூட்டமாக ஒளிந்துகொள்கின்றன. கரடிகள் 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவந்து கல்லைப் புரட்டிப் புரட்டி நக்குகின்றன. ஒரு பூச்சியில் இருப்பது அரை கலோரி. ஒரு கரடி ஒரு நாளில் 40,000 பூச்சிகள் வரை தின்னும். அதாவது 20,000 கலோரி. ஒரு மாதம் இப்படிக் கிடைத்தால் ஆண்டுத் தேவையில் ஏறக்குறைய பாதி அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்று வெண்பட்டை பைன் மரத்தின் விதை. மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தை ஒட்டி, காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம் இது. விதையில் பாதி கொழுப்பு. கூம்பு தானாகத் திறக்காது. விதைக்கு இறக்கையும் கிடையாது. கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை கூம்பை உடைத்து, நாக்குக்கு அடியிலுள்ள பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான இடங்களில் நான்கைந்தாகப் புதைத்துவைக்கிறது. திரும்பி வந்து எடுக்காத விதைதான் அடுத்த மரம். சிவப்பு அணில்களோ முழுக் கூம்புகளையே வெட்டிப் போட்டு, தரையில் குவித்துப் பதுக்குகின்றன. கரடி மரம் ஏறிச் சிரமப்படுவதில்லை. மோப்பம் பிடித்து அணிலின் பதுக்கலைத் தோண்டி, கூம்புகளைக் காலால் நசுக்கி, விதையை மட்டும் நாக்கால் பொறுக்கித் தின்னும்.

இந்த மரம் இப்போது சாகிறது. 1910 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு கொப்புளத் துரு என்ற பூஞ்சை நோய் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்தது. அப்புறம் வெப்பம். மலைப் பைன் வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். முன்பெல்லாம் உயரத்தில் அடிக்கும் கடுங்குளிர் அவற்றைக் கொன்றுவிடும். குளிர் தணிந்ததும் வண்டுகள் மேலே ஏறின. 2000-களில் யெல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்தில் பெரிய வெண்பட்டை மரங்கள் காடு காடாகச் செத்துச் சிவந்தன. 2022இல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

இந்த மரம் நீதிமன்றத்துக்கே போனது. கிரிஸ்லி 1975இலிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. எண்ணிக்கை கூடியதால் 2007இல் யெல்லோஸ்டோன் கரடிகளைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2009இல் நீதிபதி டொனால்ட் மொல்லாய் அதை ரத்து செய்தார். பைன் அழிவு கரடியை என்ன செய்யும் என்று அரசு சரியாகக் கணக்கிடவில்லை என்பது முக்கியக் காரணம். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தக் காரணத்தை ஏற்றது.

அதன்பின் ஆய்வாளர்கள் கேள்வியை நேராக எடுத்துப் பார்த்தார்கள். யெல்லோஸ்டோன் கரடிகள் 260-க்கும் மேற்பட்ட வகை உயிர்களைத் தின்கின்றன. பைன் விதை குறைந்தபோது இறைச்சிக்கும் வேறு உணவுக்கும் மாறிக்கொண்டன. உடல் கொழுப்பு பெரிதாகச் சரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் விதை மலையுச்சியில் இருக்கிறது, மனிதர் இல்லாத இடத்தில். இறைச்சி கீழே இருக்கிறது: எல்க் மான் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடல், மேய்ச்சல் நிலத்து மாடு. கூம்பு காய்க்காத ஆண்டுகளில் கரடிகள் கீழே இறங்குவதும், மனிதர் கையால் சாவது கூடுவதும் வெகுகாலமாகப் பதிவாகியிருக்கிறது. கரடியின் வயிறு எதற்கும் ஒத்துப்போகும். நாம் அதற்கு இடம் விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால். 2004இல் கேத்தரின் கெண்டல் என்ற ஆய்வாளர் தலைமையில் மொன்டானா மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. காட்டுக்குள் மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் அழுகிய மாட்டு ரத்தமும் மீனும் கலந்த சாற்றை ஊற்றினார்கள். வாடைக்கு வரும் கரடி கம்பிக்கு அடியில் நுழையும்போது நாலு முடி சிக்கும். முடியின் வேரில் டி.என்.ஏ. ஒரு கரடியையும் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல், இந்த முடிகளை வைத்தே மதிப்பிட்டார்கள்: 765 கரடிகள். அதுவரை இருந்த மதிப்பீட்டைவிட இரு மடங்குக்கும் மேல். 2008 அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில் ஜான் மெக்கெய்ன் இந்த ஆய்வைத்தான் வீண்செலவுக்கு உதாரணமாக மேடைக்கு மேடை கேலி செய்தார். எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. எத்தனை இருக்கிறது என்று தெரியாத விலங்கை எப்படிக் காப்பது, எப்போது காவலைத் தளர்த்துவது? ஆண்டுதோறும் கூம்பு எண்ணுவது, முடி பொறுக்குவது போன்ற வேலைக்குப் பணம் கேட்டால் எந்த நாட்டிலும் கதவு சுலபத்தில் திறப்பதில்லை. அந்த வரிசை ஓர் ஆண்டு அறுந்தாலும் திரும்பக் கிடைக்காது.

கரடி முடி என்றதும் நம் ஊர்த் தாயத்து நினைவுக்கு வருகிறது. குழந்தைக்குப் பயம் தெளியும் என்று இன்னமும் கட்டுகிறார்கள். அந்த முடியால் எந்தப் பயமும் தெளியாது. அதை விற்கும் ஆசையில் காட்டில் ஒரு கரடி படும் பாடுதான் மிச்சம். கரடி முடிக்கு உண்மையாகவே ஒரு சக்தி உண்டென்றால் அது வேரிலிருக்கும் அந்த டி.என்.ஏ.தான்.

காக்கும் வழிகள் தெரியாமல் இல்லை. கனடாவின் பான்ஃப் பூங்காவில் விலங்குகள் கடந்துபோக நெடுஞ்சாலைக்கு மேலும் கீழுமாக 44 கடவைகள் கட்டி, இருபுறமும் வேலி போட்டதில் விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. யெல்லோஸ்டோனில் 1975இல் 200-க்கும் குறைவாக இருந்த கிரிஸ்லிகள் இன்று ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. ஆனால் தனித்தீவாக இருக்கின்றன. 2024 கோடையில் வடக்கு மொன்டானாவிலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்து விட்டார்கள், புது மரபணு கலக்கட்டும் என்று.

மரங்களுக்கும் வேலை நடக்கிறது. சுற்றிலும் எல்லாம் துரு பிடித்துச் சாகும்போது நடுவில் பச்சையாக நிற்கும் வெண்பட்டை மரங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் ஆட்கள் உச்சிவரை ஏறி, பிஞ்சுக் கூம்புகளின் மேல் கம்பி வலைக் கூண்டு மாட்டிவிட்டு இறங்குகிறார்கள். நட்கிராக்கர் பறவை முந்திக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இலையுதிர்காலத்தில் மறுபடி ஏறிக் கூம்பைப் பறிக்கிறார்கள். அந்த விதையை முளைக்கவைத்து, துரு நோயைத் தாங்குகிறதா என்று சோதித்து, தேறிய நாற்றை மலையில் நடுகிறார்கள். அந்த நாற்று முதல் கூம்பு காய்க்க 25 ஆண்டுக்கு மேல் ஆகும். நிறையக் காய்க்க அறுபது, எண்பது.