நீர்வேலியில் நிற்காத மோட்டர்

யாழ்ப்பாணத்து நீர்வேலியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். தகப்பனாரின் வாழைத்தோட்டக் கிணற்றில் நீர்மட்டத்தை அளக்கும் உணரி ஒன்றைப் பொருத்தி, அதற்கு ஜாவா என்னும் கணினி மொழியில் தானே செய்நிரல் எழுதியிருக்கிறார். நீர்மட்டம் குறித்த கோட்டுக்குக் கீழே இறங்கும் அந்தக் கணத்தில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பதிவேட்டில் அளவு ஏற வேண்டும், தகப்பனாரின் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும், மோட்டர் நிற்க வேண்டும். "பதிவேடு எழுதுகிறது, செய்தியும் போகிறது. மோட்டர் மட்டும் நிற்கவில்லை. பிழை என்று எதுவும் திரையில் வரவில்லை. வயர்களை எல்லாம் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டேன். ஏன் சேர்?" என்று கேட்கிறார்.

வயர்களில் பிழை இல்லை, தங்கச்சி. பிழை இருக்கும் இடம் மிக அழகானது. அங்கே போவதற்கு முன் மற்ற வாசகர்களுக்காகச் சிறிது பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்க நான் தினமும் சங்கக்கடைக்குச் சைக்கிள் மிதித்திருக்கிறேன். வரவில்லை என்ற பதிலுக்காகப் போக இரண்டு மைல், வர இரண்டு மைல். என்னைப் போல ஊரில் நூறு பேர். ஒரு நாள் கடை மனேஜர் ஒரு கொப்பியை எடுத்து வைத்தார். பெயரை எழுதிவிட்டுப் போங்கள், பரல் இறங்கியதும் பையனை அனுப்புகிறேன் என்றார். அதன்பிறகு நாங்கள் வீட்டில் இருந்தோம், செய்தி எங்களைத் தேடி வந்தது. செய்நிரலாக்கத்தில் அவதானி வடிவம் (Observer pattern) என்று சொல்வது இதைத்தான். வடிவம் என்றால் அடிக்கடி வரும் ஒரு சிக்கலுக்குப் பழகிப்போன தீர்வு.

தரவையும் அதைக் கொண்டு செய்யும் வேலைகளையும் சேர்த்து வைத்திருக்கும் செய்நிரல் துண்டைப் பொருள் என்கிறோம். நீர்மட்டம் என்ற பொருளிடம் ஒரு பட்டியல் இருக்கும். சேர், நீக்கு, அறிவி என்று மூன்று முறைகள், அதாவது அழைத்தால் செய்யும் வேலைகள், இருக்கும். பட்டியலில் சேர விரும்பும் எந்தப் பொருளும் ஓர் இடைமுகத்தை ஏற்க வேண்டும். 'மாறியது' என்ற பெயரில் ஒரு முறை என்னிடம் இருக்கிறது என்ற வாக்குறுதிதான் அந்த இடைமுகம். (ஜாவாவில் இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். வைத்துப் பாருங்கள், மனதுக்கு நிறைவாக இருக்கும்.) மட்டம் மாறியதும் நீர்மட்டம் பட்டியலை மேலிருந்து கீழாக நடந்து, ஒவ்வொருவரின் 'மாறியது' முறையையும் அழைக்கும். எதிரில் இருப்பது பதிவேடா மோட்டரா என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அடுத்த வருடம் நாலாவதாக ஒரு மணி ஒலிக்க வேண்டும் என்றால் நீர்மட்டத்தின் வகுப்பில், அதாவது அந்தப் பொருளை வார்க்கும் அச்சில், ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்.

இந்த எண்ணம் பழையது. 1979இல் நோர்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவின் செராக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் திரைக்காட்சியையும் அதன் பின்னால் உள்ள தரவையும் பிரித்து வைக்க வழி கண்டபோதே, தரவு மாறினால் காட்சிக்கு எப்படித் தெரிவது என்ற கேள்வி எழுந்துவிட்டது. 1994இல் எரிக் காமாவும் மற்ற மூவரும் தொகுத்த 23 வடிவங்களில் இதுவும் ஒன்று. ஜாவா 1996இல் வந்த முதற்பதிப்பிலேயே இதற்கு ஆயத்த வகுப்பு ஒன்றை வைத்திருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த அந்த வகுப்பின் பிள்ளையாகப் பிறந்தாக வேண்டும், ஜாவாவிலோ ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பெற்றோர்தான். இந்த நெருக்கடியும் வேறு குறைகளும் சேர, 2017இல் ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. ஆகவே பட்டியலை நாமே எழுதுவது சரியான வழி. மாணவியும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

இனி மோட்டருக்கு வருவோம்.

அவருடைய செய்நிரல் ஒவ்வொரு நாள் காலையும் புதிதாகத் தொடங்கும்போது பதிவேடு, செய்தி, மோட்டர் நிறுத்தி என்ற ஒழுங்கில் மூன்றும் பட்டியலில் ஏறுகின்றன. தகப்பனாருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்பதற்காக, செய்தி அனுப்பும் பொருள் நாளுக்கு ஒரு தடவை அனுப்பியதும் தன்னைத் தானே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்கிறது. நல்ல எண்ணம். ஆனால் அது எப்போது நீங்குகிறது? நீர்மட்டம் அதே பட்டியலை நடந்துகொண்டிருக்கும்போது.

சங்கக்கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் நிற்கிறார்கள். மனேஜர் முதலாம் ஆளை முடித்தார், இரண்டாம் ஆளை முடித்தார். இரண்டாம் ஆள் வரிசையை விட்டுப் போகிறார். மூன்றாம் ஆள் ஓர் அடி முன்னால் வந்து இரண்டாம் இடத்தில் நிற்கிறார். மனேஜர் இடங்களை எண்ணுபவர், முகங்களைப் பார்ப்பவர் அல்லர். இரண்டு முடிந்தது, அடுத்தது மூன்று என்று நிமிர்கிறார். மூன்றாம் இடத்தில் எவரும் இல்லை. கடையைப் பூட்டிவிடுகிறார்.

இதை ஜாவாவுக்குள் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அரேலிஸ்ட் (ArrayList) என்னும் பட்டியலை நடக்கும்போது ஜாவா இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்கிறது. முதற்கேள்வி, இன்னும் ஆள் உண்டா? அடுத்த இடத்தின் எண்ணும் பட்டியலின் நீளமும் சமமாகிவிட்டால் இல்லை என்று பொருள். ஆள் உண்டு என்றால்தான் இரண்டாவது கேள்வி, அடுத்தவரைக் கொடு. நடக்கும்போது பட்டியலை யாராவது குலைத்திருக்கிறார்களா என்று பார்த்துப் பிழை என்று கூச்சலிடும் காவலாளி இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறான். கணினி பூச்சியத்திலிருந்து எண்ணுவதால், செய்தியை அழைத்து முடித்த நிலையில் அடுத்த இடத்தின் எண் 2. செய்தி நீங்கியதால் பட்டியலின் நீளமும் 3இலிருந்து 2. இரண்டும் சமம். ஆள் இல்லை என்று ஜாவா அமைதியாக வெளியே வந்துவிடுகிறது. காவலாளி இருக்கும் கதவு திறக்கப்படவே இல்லை.

முதலாவதான பதிவேடு நீங்கியிருந்தால் அடுத்த இடம் 1, நீளம் 2. ஆள் உண்டு, கதவு திறக்கும், காவலாளி கத்தியிருப்பான். கடைசியில் உள்ள மோட்டர் நிறுத்தி தன்னை நீக்கியிருந்தால் அடுத்த இடம் 3, நீளம் 2. சமமில்லை, அப்போதும் கத்தியிருப்பான். கடைசிக்கு முந்திய ஆள் நீங்கினால் மட்டுமே இந்த மௌனம். முதன்முதலாக இதைத் தாளில் எழுதிப் பார்த்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கோட்டைத் தாண்டும் கணத்தில் மட்டுமே அறிவிக்கும்படி மாணவி எழுதியிருப்பதால் அன்றைக்கு மறுவாய்ப்பும் கிடையாது. மோட்டர் ஓடுகிறது, மட்டம் மேலே வருவதில்லை, கோட்டை மறுபடி தாண்டுவதும் இல்லை.

இது விளையாட்டான காரியம் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீரையே குடிக்கிறோம், இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே இழக்கும் ஒவ்வொரு சாணுக்கும் கீழே பல மடங்கு விலை கொடுக்கிறோம். இன்றும் தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். இந்தக் கல்லில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆகவே அவர் தோற்பதில்லை. அந்தப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகள் ஊர்க் கிணறுகளை நாள்தோறும் அளந்தால் எவ்வளவு நல்லது! ஒரு மாணவி தனியாகச் செய்து காட்டியிருக்கிறாரே.

திருத்தம் ஒரே வரி. அறிவிக்கத் தொடங்கும் முன் பட்டியலை நகலெடுத்து, நகலை நடந்து செல்லுங்கள். யார் நீங்கினாலும் அசல்தான் குலையும். சேர்க்கும்போதும் நீக்கும்போதும் தானாகவே நகலெடுத்து இதே பலனைத் தரும் பட்டியல் ஒன்று (CopyOnWriteArrayList) 2004இல் ஜாவா 5 உடன் வந்தது. சேர்ப்பதும் நீக்குவதும் அரிதாகவும் அறிவிப்பது அடிக்கடியும் நடக்கும் இடத்துக்கு அது பொருத்தம்.

நகல் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிக்கும் சுற்றின் நடுவில் வேறொருவர் மோட்டர் நிறுத்தியை நீக்கிவிட்டாலும், நகலில் பெயர் இருப்பதால் கடைசியாக ஓர் அழைப்பு அதற்குப் போய்ச் சேரும். ஆகவே அதன் 'மாறியது' முறையை, ஏற்கெனவே நின்றுவிட்ட மோட்டரை மறுபடி நிறுத்தச் சொன்னாலும் தீங்கு வராதபடி எழுதிவிடுங்கள். பிறகு மூன்று அவதானிகளையும் ஆறு ஒழுங்குகளிலும் மாற்றி மாற்றிப் பதிந்து, ஒவ்வொரு முறையும் மோட்டர் நிற்கிறதா என்று கிணற்றடியில் நின்று பாருங்கள்.