சேத எதிர்ப்பு ஆணியா, கழற்றரும் திருகாணியா?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கடற்கரைப் பக்கச் சுவரில் நாலு ஏசி வெளிப்பெட்டிகள் இருந்தன. செப்புக்கு ஆசைப்பட்டு ஒன்றை யாரோ இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போன பிறகு, மிச்ச மூன்றுக்கும் சீசீரீவி கமராக்களுக்கும் புதுவகைத் திருகாணி போட்டார்கள். நல்ல வேலை. ஆனால் லிப்ட் வாசலில் மும்மொழியிலும் ஒட்டிய அறிவித்தலில் தமிழ் வரி இப்படி: ‘சேத எதிர்ப்பு ஆணிகள் பொருத்தப்பட்டுள்ளன.’ இந்தச் ‘சேத எதிர்ப்பை’ வேறு இடங்களிலும் கண்டு பேசாமல் போனவன்தான் நான். லிப்டுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் வாசிக்க வேண்டி வந்ததும் பொறுமை போய்விட்டது.

ஆங்கில மூலம் டாம்பர் ரெசிஸ்டன்ட். டாம்பர் என்பது டெம்பர் என்ற சொல்லின் இன்னொரு உருவம் என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் களிமண்ணைப் பிசைந்து பதப்படுத்துவதைக் குறித்தது, பிறகு தனக்கு உரிமையில்லாத காரியத்தில் கையை விட்டுக் குழப்புவதைக் குறிக்கத் தொடங்கியது. போனுக்கு ஒட்டும் டெம்பர்ட் கிளாஸும் இதே குடும்பம். சொல்லின் கதை அவ்வளவுதான். சேதம் அதில் இல்லை.

அப்படியானால் சேதம் எங்கிருந்து வந்தது? என் சந்தேகம் கிரிக்கெட் செய்திகள் மேல்தான். பந்தில் கள்ளவேலை செய்வதை ஆங்கிலத்தில் பால் டாம்பரிங் என்பார்கள். 2018 மார்ச்சில் கேப்டவுனில் அவுஸ்திரேலியர்கள் சான்ட் பேப்பரால் பந்தைத் தேய்த்து மாட்டிக்கொண்டபோது ‘பந்தைச் சேதப்படுத்தினார்கள்’ என்று எழுதினோம். சரி, தேய்த்தால் தேயும், அங்கே பொருந்துகிறது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சென்ட் லூசியாவில் நம் அப்போதைய அணித்தலைவர் தினேஷ் சந்திமால் தண்டிக்கப்பட்டது எதற்கு? வாயில் போட்டிருந்த ஏதோ ஒன்றின் மிச்சத்தோடு எச்சிலைப் பந்தில் பூசியதற்கு. அவர் பந்தை மினுக்கினார் ஐயா, உடைக்கவில்லை! விதி சொல்வது பந்தின் தன்மையை முறைகேடாக மாற்றுவதைப் பற்றி. பிறகு எச்சிலே தடையாகிவிட்டது. எச்சில் என்ன சேதம் செய்யும்?

திருகாணிக்கு வந்தால் இந்தச் சொல் தலைகீழாகவே நிற்கிறது. நட்சத்திரக் குழியின் நடுவே ஒரு முள் நிற்கும் டோர்க்ஸ் வகையைப் பாருங்கள். சாதாரண டோர்க்ஸ் 1967இல் வந்தது. முள் வைத்தது அதன் காவல் வடிவம். வழமையான பிட், அதாவது திருப்புளி முனை, உள்ளே இறங்காது, நடுவில் துளையுள்ள பிட் வேண்டும். இன்னொரு வகையில் இறுக்கும் பக்கம் மட்டும் திருப்புளிக்குப் பிடி கிடைக்கும், கழற்றப் பார்த்தால் வழுக்கும். வேறொன்றில், இறுக்கி முடிக்கும் அந்தக் கணத்தில் அறுகோணத் தலையே முறிந்து விழுந்து, பிடிக்க இடமில்லாத மொட்டை மட்டும் மிஞ்சும். இவை எல்லாவற்றையும் கிரைண்டர் வைத்து அறுக்கலாம், துளையிட்டுத் தூளாக்கலாம். அதாவது சேதத்துக்கு இவை தாராளமாக இடம்கொடுக்கும். இடம்கொடுக்காதது சத்தமில்லாமல் கழற்றுவதற்கு மட்டும்.

‘எதிர்ப்பு’ இன்னொரு தலைவலி. கொழும்புக்காரனுக்கு எதிர்ப்பு என்றால் காலிமுகத்திடல் ஆர்ப்பாட்டம் ஞாபகத்துக்கு வரும். ரெசிஸ்டன்ட் என்று கண்ட இடமெல்லாம் எதிர்ப்பைத் தூவினால் வாட்டர் ரெசிஸ்டன்ட் மணிக்கூடு தண்ணீரை எதிர்த்துக் கோஷம் போடும். போதாததற்கு வெறும் ‘ஆணி’ வேறு. ஆணி சுத்தியலால் அடிப்பது; திருகிப் பூட்டுவது திருகாணி. மொழிபெயர்த்தவர் ஒருதரமாவது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால் இந்த வரி வந்திருக்காது.

டாம்பருக்கு நேரான சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: கை வைத்தல், நோண்டுதல். ‘அதில கை வைக்காதே’ என்று அம்மா சொல்வது இதைத்தான். ஆனால் ‘நோண்டாத் திருகாணி’ என்று பலகையில் எழுதினால் சிரிப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘களவுத் தடுப்புத் திருகாணி’ போதாதா என்றார் நண்பர் ஒருவர். அறிவித்தலுக்கு அது போதும். பொருளின் பெயராக அது நிற்காது. பிள்ளைகள் மின்பெட்டியைத் திறந்துவிடாமல் இருக்கவும் இதே திருகாணிதான் போடுகிறார்கள், அங்கே களவு ஏது?

கழலுதல், கழற்றுதல் என்று தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதிர்வில் தானாகக் கழலாமல் இருப்பது வேறு, அதற்கு வேறு நட் இருக்கிறது. பிறர் கழற்றாமல் இருப்பதுதான் இங்கே விஷயம். ‘கழற்ற முடியாத’ என்பதும் பொய், உரிய பிட் இருந்தால் இரண்டு நிமிடம். ரெசிஸ்டன்ட் என்றால் கடினம், முடியாது என்பதில்லை. அந்தக் கடினத்துக்கு ‘அரு’ இருக்கிறது, அரும்பாடு என்கிறோமே, அது. ஆகவே கழற்றரும் திருகாணி. கொஞ்சம் பண்டிதத்தனமாகத் தெரிகிறதா? தெரியட்டும், பொருள் பிசகவில்லை.

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சொல்லிப் பார்த்தேன். “நானா, கழற்றரும் திருகாணி இருக்கா?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்கினேன். “ஓ, நடுவுல குச்சி நிக்கிற ஸ்டார் ஸ்குரூவா? இருக்கு.” எடுத்து வைத்துவிட்டுக் கூடவே கேட்டார்: “கழட்டுற பிட்டும் இருக்கு, போடவா?”