இணைப்பை அனுப்பினால் பகிர்ந்ததாகாது

சென்ற வாரமும் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று வந்து விழுந்தது: ‘வகுப்பறைக்கான 100 டிஜிட்டல் கருவிகள்’. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், ‘மிகவும் பயனுள்ளது டீச்சர்’. துணுக்காய்ப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர் மட்டும் தனியாக எனக்கு எழுதினார்: “சேர், நாளை மின்சுற்றுப் பாடம். இதில் எதைத் திறப்பது?” அனுப்பியவரைக் கேட்டேன். அவர் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லையாம்.

ஆசிரிய ஆலோசகராக இருந்து எனக்கு அலுத்துப்போன கதை இது. ஐயா, அம்மா, பட்டியலை முன்னனுப்புவது பகிர்தல் அல்ல. உங்கள் வேலையை மற்றவர் தலையில் கட்டுவது. சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிதென்றிருக்கும் பாடசாலையில் நூறு இணைப்புகளைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம், யாருக்கு டேட்டா? ஒரே ஒரு கருவி போதும். எந்தத் தரத்தில், எந்த அலகில் பயன்படுத்தினீர்கள், இணையம் வேண்டுமா, பிள்ளைகள் எந்த இடத்தில் திணறினார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தக் கடைசி வரியைத்தான் எவரும் எழுதுவதில்லை.

அந்த ஆசிரியைக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ (PhET) தளத்திலிருந்து, திரையிலேயே மின்சுற்றை இணைத்துப் பார்க்கும் செயலியைக் கோப்பாகவே அனுப்பினேன். ஒருமுறை தரவிறக்கினால் இணையமின்றி உலாவியில் இயங்கும். குறுஞ்சுற்று ஏற்பட்டால் திரையில் மின்கலம் தீப்பற்றும். பிள்ளைகள் வேண்டுமென்றே பற்றவைப்பார்கள், விடுங்கள். கணிதத்துக்கு, வரைபுகளும் வடிவங்களும் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருளும் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் கேட்காது.

வினாவிடைப் போட்டி நடத்தக் கஹூட் நல்லதுதான், ஆனால் பிள்ளைகளின் குழுவுக்கு ஒரு கைப்பேசியோ கணினியோ வேண்டும். அதே வேலையைச் செய்யும் பிளிக்கர்ஸ் செயலியில் ஆசிரியரின் கைப்பேசி மட்டும் போதும். பிள்ளைகள் தாம் நினைக்கும் விடையின் எழுத்து மேலே வரும்படி அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், கெமரா விடையை வாசிக்கும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க முடியாது. கை உயர்த்தக் கூச்சப்படும் பிள்ளையும் விடை சொல்லும். பளபளக்கும் லேமினேட் மட்டும் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கெமரா தடுமாறும்.

எதையும் வகுப்பறைக் கணினியிலேயே முதல்நாள் இயக்கிப் பாருங்கள். வீட்டில் உங்கள் புதுக் கைப்பேசியில் ஓடியதெல்லாம் பாடசாலையின் பழைய உலாவியில் ஓடாது. பிள்ளைகளின் முழுப்பெயரைக் கருவிகளில் பதியாதீர்கள், இலக்கம் போதும். வகுப்புப் படங்களைக் குழுக்களில் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தாம் வகுப்பில் நடத்திப் பார்த்த ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.