விரிகுடாவில் யன்னல் இல்லை

திருகோணமலைக்காரருக்கு விரிகுடா என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கோணேசர் மலையில் நின்றால் கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வங்காள விரிகுடா. தெற்கே மூதூர் வரைக்கும் கொட்டியாரக் குடா, மகாவலி வந்து விழுகிற இடம். இவ்வளவையும் பார்த்து வளர்ந்த எனக்கு, போன மாதம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருந்து இன்னுமொரு விரிகுடா வந்து சேர்ந்தது. ‘விரிகுடா சாளர திரைச்சீலை தண்டவாளம்: நிறுவல் வழிமுறை’ என்று அந்தத் தாளில் தலைப்புப் போட்டிருந்தார்கள்.

பெட்டி உப்புவெளியில் மகள் கட்டிய புது வீட்டுக்கு வந்தது. வீட்டின் முன்கூடத்தில், தெருப்பக்கமாக, மூன்று முகங்களோடு சுவரைவிட்டு வெளியே தள்ளி நிற்கும் யன்னல் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் வளைக்கக்கூடிய அலுமினியச் சட்டத்தை வரவழைத்திருந்தாள். பூட்ட வந்த தம்பி கெட்டிக்காரர். தாளை ஒழுங்காக வாசித்தார். வாசித்ததுதான் பிழை. நாங்கள் கடைக்குப் போய் வருவதற்குள் அதை மாடியில், கடலைப் பார்த்த நேர் யன்னலுக்கு மேல், அளவுக்கு அறுத்துப் பூட்டிவிட்டார். “விரிகுடாப் பக்கத்து யன்னலுக்கு என்றுதானே ஐயா போட்டிருக்கிறது? உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத சாமான் என்று நினைத்தேன்” என்றார். அவரில் என்ன குற்றம்? தமிழ் தெரிந்தவர் எவரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்.

சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும் இந்த யன்னலுக்கு ஆங்கிலத்தில் ‘பே விண்டோ’ என்று பெயர். அதன் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘பே’ என்று ஒலிக்கும் சொற்கள் பல. கடல் நிலத்துக்குள் வளைந்து நுழையும் இடம் ஒரு ‘பே’. பிரிஞ்சி இலையின் ஆங்கிலப் பெயரில் வருவது வேறொரு ‘பே’. அது சிறுகனி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. கட்டிடக்காரரின் ‘பே’யோ பழைய பிரெஞ்சில் வாய் பிளத்தல், திறந்து கிடத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. முதலில் சுவரில் விட்ட திறப்பு, பின்னர் இரு தூண்களுக்கு நடுவிலான வெளி, அதன் பின்னர் சுவரிலிருந்து தள்ளி நிற்கும் யன்னல். நாம் ‘பே’ என்று விழிப்பதற்கும் இதற்கும் உறவு கிடையாது. உண்டு என்று கட்டுரை எழுத யாராவது கிளம்புவார்கள், ஆகவே முந்திச் சொல்லி வைக்கிறேன்.

ஆக, யன்னலுக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. அகராதியில் முதலாவதாக நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. இதே கூட்டம்தான் பிரிஞ்சி இலையை ‘வளைகுடா இலை’ ஆக்கியது. சமையல் குறிப்பில் அதை வாசித்துவிட்டு, துபாயிலிருந்து வருகிற இலையா என்று என் மனைவி கேட்டாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். “விரிகுடா பிழைதான், ஆனால் குடா யன்னல் என்றால் பொருந்தும். குடம், குடை, குடவு, குடங்கை எல்லாவற்றிலும் வளைவு இருக்கிறது. குடா என்றாலே வளைவுதானே?” என்றார். வேர் சரி. ஆனால் வேரைத் தோண்டி வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான்; மற்ற எல்லோருக்கும் குடா என்றதும் கண்ணில் தெரிவது தண்ணீர்.

இரண்டாவது, திசை. குடாவில் கடல் நிலத்துக்குள் புகுகிறது. இந்த யன்னலில் வீடு வெளிக்குள் புகுகிறது. நிலவியல் பெயர்தான் வைக்க வேண்டுமென்றால், கடலுக்குள் தள்ளி நிற்கும் கோணேசர் மலையைப் பார்த்து ‘முனை யன்னல்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே! “யாழ்ப்பாணக் குடாநாடு மட்டும் வெளியே நீண்டுதானே கிடக்கிறது?” என்று மடக்கினார். அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நீண்டு கிடப்பது குடா அல்ல, நாடு. குடா அதை அணைத்துக்கொண்டு கிடக்கிறது.

மூன்றாவதுதான் வேலைக்காரருக்கு முக்கியம். இவ்வகை யன்னல்கள் எல்லாம் வளைவதில்லை. மூன்று நேர்ப்பலகைகள் சரிந்து சந்திப்பவை உண்டு. பெரும்பாலும் உட்கோணம் 135 பாகை. பெட்டி போல 90 பாகையில் திரும்புபவை உண்டு. வில்லாக வளைந்தது ஒருவகை மட்டும்தான், அதை வில் யன்னல் என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் வளைவு என்று அழைத்தால், பெட்டி யன்னல் வைத்திருப்பவர் வில்லுக்குரிய சட்டத்தை வாங்கி வந்து நிற்பார்.

நான் சொல்வது ‘புடை யன்னல்’. நெற்றி புடைத்தது என்கிறோம். புடைக்கு வெளியே தள்ளி நிற்றல் என்ற பொருள் இருக்கிறது. பக்கம் என்றும் பொருள் உண்டு. இந்த யன்னலுக்குப் பக்கங்கள்தான் அழகு. சாளரம் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். யன்னல் போர்த்துக்கேயச் சொல்தான். 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களின் மொழி. கோபம் இருக்கலாம், ஆனால் அந்தச் சொல் இன்று எங்கள் வீட்டுச் சொல். காலதர் என்றொரு பழஞ்சொல் உண்டு, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆசை தீர எழுதலாம், மேசனிடம் சொல்ல முடியாது. யன்னலைத் தீண்டமாட்டேன் என்று சாளரம் எழுதிய அதே கைதான் பக்கத்தில் விரிகுடாவையும் எழுதியது. தூய தமிழில் பொய்ச் செய்தி!

இனி அந்தத் தண்டவாளம். எங்கள் ஊரில் தண்டவாளம் புகையிரத நிலையத்தோடு முடிகிறது, அதை வீட்டுக்குள் இழுத்து வர வேண்டாம். இன்னொரு தாளில் ‘தடம்’ என்று கண்டேன். தடம் என்பது கால் பட்டுப் பதிந்தது. திரைச்சீலைக்குக் கால் எங்கே?

இங்கே வேறுபடுத்த வேண்டியவை இரண்டு. வளையம் கோர்த்துத் தொங்கவிடும் உருண்டைக் கம்பி ஒன்று. கொக்கிகள் உள்ளே ஓடும் பள்ளச் சட்டம் மற்றது. புடை யன்னலுக்கு இந்த வேறுபாடுதான் உயிர். சாதாரணக் கம்பியில் மூலைக்கு மூலை தாங்கி நின்று வளையத்தை மறித்துவிடும். திரை மூலை தாண்டாது. பள்ளச் சட்டத்தில் தாங்கி பின்புறம் அல்லது மேலே பிடிப்பதால், கொக்கி தடையில்லாமல் திருப்பத்தைக் கடந்து ஓடும். அந்தப் பள்ளத்துக்குத் தச்சரிடம் சொல் ஏற்கனவே இருக்கிறது: காடி. பலகையில் காடி எடுப்பது அவர்களுக்கு அன்றாடம். ஆகவே ‘திரைக்காடி’. மற்றது ‘திரைக்கம்பி’.

திரையைப் பற்றியும் நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று தொங்குகின்றன. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, இரு பக்கத்திலிருந்து வந்து சந்திப்பது, மேலிருந்து இறங்குவது. இன்றைய கடைக்காரர் கேட்கும் கேள்வியும் இதுதான். ‘இரட்டை வழி இழுவை’ என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர் இதை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தம்பியிடம் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, “புடை யன்னலுக்குக் காடி பூட்ட வேண்டும்” என்றேன். அடுத்த கேள்வி கேட்காமல் அளவு நாடாவை எடுத்தார். கண்ணாடியை விட்டுவிட்டு, காடி ஓடப்போகிற கோட்டில் மூன்று முகங்களையும் தனித்தனியாக அளந்தார். மூலைக் கோணத்துக்கு அட்டை வெட்டி வைத்துப் பார்த்தார். 135 என்று வரைபடம் சொன்னது, ஒரு மூலை 131இல் நின்றது. மேசனைத் திட்டினார். திருப்பத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு தாங்கி, திருப்பத்திலேயே ஒட்டு வரக்கூடாது என்பதையும் அவராகவே சொன்னார். அந்தத் தாளும் இதைத்தான் சொல்லியிருந்தது: ‘விரிகுடாவின் வளைவில் இணைப்பைத் தவிர்க்கவும்.’

புதிய காடி வாங்க வேண்டி வந்தது. முதலில் பூட்டியது மாடியிலேயே இருக்கிறது, நேர் யன்னலில், கொட்டியாரத்துக் காற்றுக்கு ஆடும் ஒருமுக எழினியோடு. துருப்பிடிக்காத திருகாணி போட்டிருப்பதால் தம்பி சொன்னபடி உப்புக்கும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். நண்பர் வந்து பார்த்துவிட்டு, விரிகுடாவைப் பார்த்த யன்னல்தானே, தாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார்.