ஹைட்ரோஸ் டிரம்முக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் ஸ்டோரில் சாயத்தூள்களோடு காஸ்டிக் சோடா, 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட், ஹைட்ரோஸ் ஆகியவை இருக்கும். ஹைட்ரோஸ் என்று பட்டறையில் சொல்வது சோடியம் டைதயோனைட்டை. சில இடங்களில் மெஷின் கழுவவும் கழிவுநீரின் நிறம் போக்கவும் சோடியம் ஹைப்போகுளோரைட் கேன்களும் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் சப்ளையர் கொடுத்த பாதுகாப்புத் தரவுத்தாள், அதாவது எம்எஸ்டிஎஸ், அலுவலகக் கோப்பில் இருக்கும். ஆனால் அந்தத் தாள் ஒரு பொருளைத் தனியாக வைத்து எழுதப்பட்டது. அதன் பக்கத்தில் உங்கள் ஸ்டோரில் என்ன அடுக்கியிருக்கிறது என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியைப் பட்டறைதான் நிரப்ப வேண்டும்.

ரசாயனங்களின் அபாயத்தை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி வகைப்படுத்தவும் லேபிள் இடவும் ஐ.நா. 2003-இல் வெளியிட்ட ஜிஎச்எஸ் முறைப்படி தாளில் 16 பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பகுதி அபாயத்தையும், நான்காம் பகுதி முதலுதவியையும், ஏழாம் பகுதி சேமிக்கும் முறையையும், எட்டாம் பகுதி கையுறை, கண்ணாடி, காற்றில் அனுமதிக்கப்படும் அளவு ஆகியவற்றையும் சொல்கின்றன. அதிகம் புரட்டப்படாதது பத்தாம் பகுதி: எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது. ஸ்டோர் அடுக்குவதற்கு அதுவே அடிப்படை.

ஹைட்ரோஸை எடுத்துக்கொள்வோம். அபாயச் சரக்குகளை அடையாளம் காட்டும் ஐ.நா. எண் 1384, தானாகச் சூடேறும் பொருள் என்ற 4.2 வகுப்பு. நிறையத் தண்ணீரில் கரைத்தால் ஆபத்து குறைவு. கொஞ்சம் ஈரம் பட்டால்தான் சிக்கல். ஈரக் கரண்டியால் அள்ளினாலோ, கூரை ஒழுகி மூடாத டிரம்மில் சொட்டினாலோ, ஈரம் பட்ட இடத்தில் தூள் சிதைந்து வெப்பம் தரும். அந்த வெப்பம் பக்கத்துத் தூளையும் சிதைக்கும். தூளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாததால் சூடு ஏறிக்கொண்டே போய்ப் புகையும், பிறகு தீப்பிடிக்கும். வரும் புகை கந்தக டைஆக்சைடு. எட்டு மணி நேர வேலைக்கு அதன் சராசரி வரம்பு 2 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. எரிய வெளிக்காற்று தேவையில்லை என்பதால் மணலைக் கொட்டி மூடினாலும் அணையாது. தள்ளி நின்று, தண்ணீரை வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் தீயை மோசமாக்கவே செய்யும். “தண்ணீர் படக் கூடாது”, “தீப்பிடித்தால் ஏராளமான தண்ணீர்” ஆகிய இரண்டும் ஒரே அட்டையில் விளக்கத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் ஆள் குழம்பிப்போவார்.

பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுப்பது, ஹைட்ரோஸ் பறிப்பது. இவை இரண்டும் ஒரே சுவரோரம் நிற்கவே கூடாது. பெராக்சைடு டிரம்மின் மூடியில் காற்றுப் போகும் துளை இருப்பது காரணத்தோடுதான். மிஞ்சியதைத் திரும்ப ஊற்றும்போது துருவோ காஸ்டிக்கோ கலந்தால் அது வேகமாகச் சிதைந்து ஆக்சிஜனை விடும். துளையில்லாத கேனில் இறுக்கி மூடியிருந்தால் கேன் வெடிக்கும். ஹைப்போகுளோரைட்டில் அசிட்டிக் ஆசிட் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை கேன்களில் இருக்கும் பட்டறையில் இந்தத் தவறு நேர ஒரு நொடி போதும்.

ஆகவே முதலில் ஸ்டோருக்குள் நடந்து, இருப்பதையெல்லாம் எழுத வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மூலையில் மறந்துபோன கேன் பட்டியலில் வராது. பதிவேட்டில் பட்டறையில் வழங்கும் பெயர், தாளில் உள்ள பெயர், சிஏஎஸ் எண், செறிவு, அதிகபட்ச இருப்பு, வைத்திருக்கும் இடம் ஆகியவை வேண்டும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகெங்கும் ஒன்றாக இருக்கும் அடையாள எண்ணான சிஏஎஸ் எண் முக்கியம்: வணிகப் பெயர் சப்ளையருக்குச் சப்ளையர் மாறும், ஹைட்ரோஸின் 7775-14-6 மாறாது. பிறகு எல்லாப் பெயர்களையும் மேலேயும் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டு, சேரக் கூடாத ஒவ்வொரு ஜோடியிலும் என்ன நேரும் என்று எழுத வேண்டும். வெறும் பெருக்கல் குறியைவிட “குளோரின் வரும்” என்ற இரண்டு சொல் மேல். தண்ணீருக்கும் ஒரு வரிசை ஒதுக்க மறக்கக் கூடாது.

பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய தாளின் மூன்றாம் பகுதியில் “வணிக ரகசியம்” என்று மட்டும் போட்டிருக்கும் துணைப்பொருளை, அதன் அபாய விவரமும் பத்தாம் பகுதியும் முழுமையாக வரும்வரை ஸ்டோரில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. போபாலுக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 41பி பிரிவு, அபாயங்களைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. கோப்பில் ஆங்கிலத்தில் கிடக்கும் தாள் அந்தக் கடமையைத் தீர்க்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் பட்டறையில் அட்டை தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும், பொருள் கையாளப்படும் இடத்திலேயே தொங்க வேண்டும். சிறு கேனில் ஊற்றிய உடனே பெயர், செறிவு, அபாயப் படம், தேதி ஆகியவற்றை ஒட்ட வேண்டும். குடிநீர் பாட்டிலில் எதையும் ஊற்றக் கூடாது.

கண்ணில் காஸ்டிக் தெறித்தால் உடனே ஓடும் நீரில், இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். வண்டியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். மருத்துவமனைக்குப் போகிறவரோடு அந்தப் பொருளின் தரவுத்தாள் பிரதியும் போக வேண்டும். அதற்காகவே ஒவ்வொன்றிலும் ஒரு கூடுதல் பிரதி, இரவு ஷிஃப்டிலும் பூட்டாத இடத்தில் இருக்கட்டும்.